எதிரொலி வந்துவிட்டது, எதனுடையது?

1960 அக்டோபர் 5. கிரீன்லாந்தின் தூலே என்ற இடத்தில் அமெரிக்கா அப்போதுதான் கட்டி முடித்து இயக்கத் தொடங்கியிருந்த ராட்சத ரேடார், சோவியத் ஒன்றியத்தின் பக்கமிருந்து ஏவுகணைகள் வருவதாகச் செய்தி அனுப்பியது. கொலராடோவில் இருந்த வான் பாதுகாப்புத் தலைமையகத்தில் எல்லோருக்கும் வியர்த்தது. சோவியத் தலைவர் குருஷ்சேவ் இப்போது எங்கே இருக்கிறார் என்ற கேள்வி எழுந்தது. ஐ.நா. கூட்டத்துக்காக நியூயார்க் வந்திருக்கிறார் என்று பதில் வந்தது. தன் தலைவர் தங்கியிருக்கும் நாட்டின் மேல் எவராவது குண்டு போடுவார்களா? அந்தச் சந்தேகத்தில் எல்லோரும் கொஞ்சம் நிதானித்தார்கள். ரேடார் பார்த்தது நார்வேக்கு மேலே உதித்துக்கொண்டிருந்த நிலவை என்பது பிறகுதான் தெரிந்தது.

கருவியில் பழுது எதுவும் இல்லை. அது அனுப்பிய ரேடியோ அலை நிலவில் பட்டு, சுமார் இரண்டரை நொடி கழித்துத் திரும்பி வந்திருந்தது. சில ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தில் வரும் ஏவுகணையைத் தேடக் கட்டப்பட்ட ரேடாருக்குப் பதில் வர ஒரு நொடியில் நூற்றில் சில பங்கு நேரம் போதும். இரண்டரை நொடிக்குள் அது மேலும் பல அலைத் துடிப்புகளை அனுப்பி முடித்திருந்தது. பழைய துடிப்புக்கு வந்த பதிலைப் புதிய துடிப்பின் கணக்கில் எழுதிக்கொண்டதால், நாலு லட்சம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருந்த நிலவு பக்கத்தில் வந்துவிட்டது. நிலவு எந்த நாள் எந்த நாழிகையில் எங்கே உதிக்கும் என்பது பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. அதைக் கணினிக்குச் சொல்லி வைக்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ரேடார், தண்ணீருக்குள் ஒலி அனுப்பித் தேடும் சோனார், மருத்துவ ஸ்கேன் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் முடிந்துவிடுகின்றன: அலையை அனுப்பு, அது பட்டுத் திரும்பும், ஆன நேரத்தை அளந்து வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கு, தூரம் கிடைத்துவிடும். இது பள்ளிக்கூடக் கணக்கு. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறியாளர்களின் மூளையைத் தின்ற விஷயம் வேறு. அலையை எந்தப் பக்கம் அனுப்பினாலும் ஏதாவது ஒன்று திரும்பி வரத்தான் செய்யும். மலை, மழை, அலைகடல், பறவை, பூச்சி, கடலின் அடித்தரை என்று எல்லாமே பதில் சொல்லும். அத்தனை பதில்களில் நாம் தேடுவது எது என்று பிரித்தெடுப்பதுதான் வேலையே. இன்னொன்றும் உண்டு. ஒருவர் வேண்டாமென்று ஒதுக்கிய எதிரொலியை இன்னொருவர் பொறுக்கியெடுத்து, அதை வைத்தே ஓர் அறிவியல் துறையை வளர்த்திருக்கிறார். அது ஒருமுறை மட்டும் நடந்ததில்லை.

முதலில் அடிப்படைக் கணக்கை முடித்துவிடுவோம். ரேடியோ அலை நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகிறது. எதிரொலி வர ஒரு மைக்ரோநொடி, அதாவது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஆனால், பொருள் 150 மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கடல் நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர்; காற்றில் 340. ரேடியோ அலையைக் கடல் நீர் விழுங்கிவிடும் என்பதால் தண்ணீருக்கு அடியில் ஒலிதான் கதி. திசை தெரிய வேண்டுமென்றால் அலையைக் குறுகலான கற்றையாக அனுப்ப வேண்டும். கற்றை எவ்வளவு குறுகும் என்பதை அலைநீளத்துக்கும் ஆன்டெனாவின் அகலத்துக்கும் உள்ள விகிதம் தீர்மானிக்கிறது. 10 செ.மீ. அலைக்கு எட்டரை மீட்டர் தட்டு வைத்தால் ஏறத்தாழ ஒரு டிகிரிக் கற்றை கிடைக்கும். ஒரு டிகிரி என்பது கேட்கச் சிறியதாக இருக்கும். 100 கிலோமீட்டர் தூரத்தில் அது ஒன்றே முக்கால் கிலோமீட்டர் அகலம்.

கொடுமையான கணக்கு இன்னொன்று இருக்கிறது. போகும்போது அலை விரிந்து தேய்கிறது, திரும்பும்போது மறுபடி விரிந்து தேய்கிறது. ஆகவே தூரம் இரண்டு மடங்கானால் எதிரொலியின் வலிமை பதினாறில் ஒரு பங்காகிவிடும். ரேடாருக்குத் தெரியாத விமானம் என்று பெயர் வாங்கியவற்றின் பெருமையையும் இந்தக் கணக்கில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு விமானத்தின் எதிரொலியைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும், அதை ரேடார் காணும் தூரம் பத்தில் ஒன்றாகத்தான் குறையும். விமானம் மறைந்துவிடுவதில்லை, தாமதமாகத் தெரிகிறது.

1904-இல் கிறிஸ்டியன் ஹுல்ஸ்மேயர் என்ற ஜெர்மானிய இளைஞர், கொலோன் நகரில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு வேடிக்கை காட்டினார். ரேடியோ அலை ஓர் உலோகப் பொருளில் பட்டுத் திரும்பினால் அந்தப் பெட்டியில் மணி அடிக்கும். மூடுபனியில் கப்பல்கள் மோதிக்கொள்வதைத் தடுக்கலாம் என்பது அவர் எண்ணம். காப்புரிமையும் பெற்றார், ஆனால் வாங்க ஆள் இல்லை. குற்றம் சொல்லவும் முடியாது. மணி அடிக்கிறது; எவ்வளவு தூரம், கப்பலா பாலமா என்றெல்லாம் கேட்டால் மணியிடம் பதில் கிடையாது.

டைட்டானிக் மூழ்கி இரண்டு ஆண்டுகள் கழித்து, 1914 ஏப்ரலில், ரெஜினால்ட் ஃபெசண்டன் என்பவர் மியாமி என்ற அமெரிக்கக் காவல் கப்பலில் ஏறி, நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் உள்ள கடலில் ஒரு பனிப்பாறையை நோக்கி ஒலியை அனுப்பினார். சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்திலிருந்து எதிரொலி வந்தது. கூடவே, கேட்காமலே, கடலின் அடியிலிருந்தும் ஓர் எதிரொலி வந்தது. பனிப்பாறையைத் தேடப் போன இடத்தில் ஆழமும் கிடைத்துவிட்டது. கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி ஆழம் பார்த்த காலம் போய், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆழம் தெரிந்துகொள்ளும் காலம் வந்ததற்கு இந்த இரண்டாவது எதிரொலியும் ஒரு காரணம்.

ரேடாரின் பிரிட்டிஷ் கதை இன்னும் விசித்திரமானது. 1935 தொடக்கத்தில் விமானப்படை அமைச்சகம் வாட்சன்-வாட் என்ற ரேடியோ ஆராய்ச்சியாளரிடம், எதிரி விமானியைக் கொல்லும் மரணக் கதிர் சாத்தியமா என்று கேட்டது. அவர் தன் உதவியாளர் ஆர்னால்ட் வில்கின்ஸிடம் கணக்குப் போடச் சொன்னார். சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு மனித உடம்பின் ரத்தத்தைச் சூடேற்ற எவ்வளவு ரேடியோ ஆற்றல் வேண்டும்? நடக்கவே நடக்காத அளவு வேண்டும் என்று விடை வந்தது. ஆனால் வில்கின்ஸுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. தபால் துறைப் பொறியாளர்கள் ஒருமுறை, விமானம் மேலே போகும்போதெல்லாம் தங்கள் ரேடியோத் தொடர்பு படபடத்துக் கெடுகிறது என்று குறைப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கு அது தொல்லை. வில்கின்ஸுக்கு அது விமானம் அனுப்பிய பதில்.

அதே ஆண்டு பிப்ரவரி 26-இல் டாவென்ட்ரியில் இருந்த பி.பி.சி.யின் சிற்றலை ஒலிபரப்பைப் பயன்படுத்தி ஒரு சோதனை நடந்தது. தனியாக எந்த ஒலிபரப்பியும் கட்டவில்லை. 49 மீட்டர் அலைநீளம். சோதனைக்கு வந்த ஹேஃபோர்டு குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை அகலமோ சுமார் 23 மீட்டர், ஏறக்குறைய அலைநீளத்தில் பாதி. நன்றாக எதிரொலிக்க அது தோதான அளவு. திரையில் ஒளிப்புள்ளி ஏறி இறங்கியது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் வரை அந்த விமானத்தைத் தொடர முடிந்தது. ஐந்தாண்டுக்குள் இங்கிலாந்தின் தெற்கு, கிழக்குக் கடற்கரைகளில் நூறு மீட்டருக்கும் உயரமான கோபுரங்கள் எழுந்துவிட்டன.

1940-இல் பிரிட்டனைக் காத்தது ரேடார் என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்த வரி எப்போதும் அரைகுறையாகத்தான் படும். ஜெர்மனியிடமும் நல்ல ரேடார்கள் இருந்தன; சில விதங்களில் பிரிட்டிஷ் கருவிகளைவிட நேர்த்தியானவை. பிரிட்டனிடம் கூடுதலாக இருந்தது பென்ட்லி பிரையரி மாளிகையில் இயங்கிய வடிகட்டும் அறை. ஒரே விமானக் கூட்டத்தை மூன்று நிலையங்கள் மூன்று இடத்தில் சொல்லும். நம் விமானம் திரும்பி வருவதை எதிரி என்று ஒன்று சொல்லும். பெரிய மேசை மேல் விரித்த வரைபடத்தில் இந்தத் தகவல்களை வைத்து, ஒப்பிட்டு, அடித்து, திருத்தி, மிச்சமிருப்பதை மட்டும் போர் விமானத் தளங்களுக்கு அனுப்பினார்கள். அங்கே உழைத்தவர்களில் பெரும்பங்கு இளம்பெண்கள்.

அப்படி ஓர் ஏற்பாடு சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாயின் ஒபானா மலையில் நடந்ததே சாட்சி. 1941 டிசம்பர் 7 காலை, பயிற்சி நேரம் ஏழு மணியோடு முடிந்தும், சாப்பாட்டுக்கு அழைத்துப்போக வண்டி வராததால் லாக்கர்டு, எலியட் என்ற இரண்டு சிப்பாய்கள் ரேடாரை அணைக்காமல் வைத்திருந்தார்கள். 7.02-க்கு வடக்கே 200 கிலோமீட்டருக்கும் அப்பால், அவர்கள் அதுவரை கண்டிராத பெரிய எதிரொலி தெரிந்தது. தொலைபேசியில் தகவல் சொன்னார்கள். எடுத்த அதிகாரி வேலைக்குப் புதியவர். அன்று காலை கலிபோர்னியாவிலிருந்து அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் வரவேண்டியிருந்தன; அவையாகத்தான் இருக்கும், விட்டுவிடுங்கள் என்றார். 7.55-க்குப் பேர்ல் துறைமுகத்தில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. ரேடார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது.

எதிரொலி யாருடையது என்பதில்தான் பலவீனம் இருக்கிறது என்று தெரிந்தபின் எதிராளி சும்மா இருப்பானா? ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் ரேடாரின் அலைநீளம் 53 செ.மீ. அதில் பாதி, சுமார் 27 செ.மீ. நீளத்துக்கு அலுமினியத் தாள் ஒட்டிய காகிதப் பட்டைகளை வெட்டி வானத்தில் கொட்டினால், ஒவ்வொரு பட்டையும் தன் அளவுக்கு மீறிப் பலமாக எதிரொலிக்கும். பிரிட்டன் இதைக் கண்டுபிடித்த பிறகும் ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் பூட்டி வைத்தது. ஜெர்மானியர் பார்த்துவிட்டால் நம் மேலேயே திருப்பிவிடுவார்களே என்ற பயம். ஜெர்மனியிலும் இதே கண்டுபிடிப்பு இதே பயத்தோடு பூட்டிக் கிடந்தது. 1943 ஜூலை 24 இரவு ஹாம்பர்க் மேல் முதன்முறையாகக் கொட்டினார்கள். கிளம்பிய 791 விமானங்களில் 12 மட்டுமே இழப்பு. ஜெர்மானியத் திரைகளில் ஆயிரக்கணக்கான விமானங்கள் தெரிந்தன. விமானத்தை மறைக்கத் தேவையே இல்லை, கூட்டத்தைப் பெருக்கினால் போதும் என்பது புரிந்துவிட்டது.

வௌவாலுக்கும் இந்தத் தொல்லை உண்டு. அது நம் காதுக்கு எட்டாத மீயொலியில் கத்துகிறது என்று 1938-இல் ஹார்வர்டில் கிரிஃபினும் பியர்ஸும் கருவி வைத்துக் காட்டினார்கள்; இருட்டில் அந்த எதிரொலியைக் கேட்டுத்தான் இரை பிடிக்கிறது என்பது பிறகு உறுதியானது. அதன் இரையான சில புலி விட்டில்கள் வௌவால் நெருங்கும்போது தாமே மீயொலிச் சொடுக்குகளை மளமளவென்று எழுப்புகின்றன. ஒரு வகை விட்டில் இப்படி வௌவாலின் தூரக் கணக்கையே குழப்பிவிடுகிறது என்று 2009-இல் சோதனைகள் காட்டின. ஹாம்பர்க்குக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் முன்பே நடந்துகொண்டிருந்த போர் இது.

காகிதப் பட்டை காற்றோடு மிதக்கும், விமானம் பறக்கும். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் இரண்டையும் பிரித்துவிடலாம். நம்மை நோக்கி வரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் கூடும், விலகிப் போவதில் பட்டால் குறையும். டாப்ளர் விளைவு என்று பள்ளியில் ரயில் விசிலை வைத்துச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். 10 செ.மீ. ரேடாரை நோக்கி நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் விமானம் வந்தால் அதிர்வெண் 4,000 ஹெர்ட்ஸ் கூடும். 300 கோடி ஹெர்ட்ஸில் 4,000. பத்து லட்சத்தில் ஒன்றுக்குச் சற்று மேல். இவ்வளவு சன்னமான மாற்றத்தை அளக்க, அனுப்பும் அலையே துளியும் தடுமாறாமல் இருக்க வேண்டும்.

அளந்துவிட்டால் பெரிய வசதி. அசையாதவை எல்லாவற்றையும் கழித்துவிடலாம். மலை போய்விடும், கட்டடம் போய்விடும். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. ரேடாருக்குக் குறுக்கே, நெருங்காமலும் விலகாமலும் பறக்கும் விமானத்துக்கு அந்தக் கணத்தில் டாப்ளர் மாற்றம் சுழி. மலையோடு சேர்த்து அதுவும் கழிந்துபோகும். போர் விமானிகள் வேண்டுமென்றே அப்படித் திரும்புவதுண்டு. காற்றாலைகள் இதற்கு நேர்மாறான தலைவலி. கம்பம் அசையாமல் நிற்கிறது, இறக்கையின் நுனி விமான வேகத்தில் சுற்றுகிறது, எந்தச் சல்லடையிலும் சிக்காமல் திரையில் வந்து உட்காருகிறது.

இனி மழை. சென்னைக்காரர்களுக்கு ரேடார் என்றாலே வடகிழக்குப் பருவமழை நாட்களில் கைபேசியில் பார்க்கும் பச்சை, மஞ்சள், சிவப்புப் படம்தான். 1940-இல் பர்மிங்காமில் ராண்டலும் பூட்டும் மேக்னட்ரான் என்ற சிறு குழாயைச் செய்து 10 செ.மீ. அலையைப் பெரும் வலிமையோடு அனுப்ப வழி கண்டபின், விமானத்தையும் கப்பலையும் தேடிய திரைகளில் மழை வந்து அடைத்துக்கொண்டது. அலைநீளம் குறையக் குறையத் துளிகள் கண்ணில் படும். ரேடார்க்காரர்களுக்கு அது சனியன். போர் முடிந்ததும் வானிலைக்காரர்கள் அந்தச் சனியனைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். இந்திய வானிலைத் துறையின் சென்னை டாப்ளர் ரேடார் 2002 முதல் துறைமுகப் பகுதியில் உயரமான கட்டடத்தின் மேல் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் அலைநீளமும் ஏறக்குறைய 10 செ.மீ.தான்.

அந்தப் படத்தை எப்படிப் படிப்பது என்பதில் பல பேருக்கு ஏமாற்றம் உண்டாகிறது. சிவப்பு என்றால் அடைமழை என்று எடுத்துக்கொள்கிறோம். ரேடார் அளப்பது மழையை இல்லை. துளிகள் திருப்பி அனுப்பும் அலையை. ஒரு துளியின் எதிரொலி அதன் விட்டத்தின் ஆறாம் மடிக்கேற்ப வளர்கிறது. 3 மி.மீ. துளி ஒன்று, 1 மி.மீ. துளிகள் 729 சேர்ந்து தருகிற எதிரொலியைத் தனியாகத் தரும். அதில் இருக்கும் தண்ணீரோ 27 துளிகளின் அளவுதான். ஆகவே பெரிய துளிகள் கொஞ்சமாக விழும் மழையும் சின்னத் துளிகள் ஏராளமாக விழும் மழையும் படத்தில் ஒன்றுபோலத் தெரியலாம், மழைமானியில் வேறுவேறாக நிற்கலாம். 1948-இல் மார்ஷலும் பால்மரும் துளிகளின் அளவுப் பங்கீட்டை வைத்துத் தந்த வாய்பாடு இன்றும் பல இடங்களில் புழங்குகிறது. அது சராசரிக்கு எழுதிய வாய்பாடு. நம் தெருவுக்கு எழுதியதில்லை.

இன்னொரு சிக்கல் உயரம். பூமி உருண்டை, கற்றை நேராகப் போகிறது, காற்றில் சற்றுத்தான் வளைகிறது. அரை டிகிரி மேல்நோக்கி அனுப்பிய கற்றை 200 கிலோமீட்டர் போய்ச் சேரும்போது தரையிலிருந்து ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கே பெய்வது தரைக்கு வருமுன் காய்ந்துவிடலாம், காற்றில் தள்ளிப்போய் அடுத்த ஊரில் விழலாம். படத்தில் ஊர் மேல் மழை, முற்றத்தில் வெயில் என்று கோபப்படுகிறவர்கள் தங்கள் ஊருக்கும் ரேடாருக்கும் உள்ள தூரத்தை முதலில் பார்ப்பது நல்லது. காரைக்காலிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலும் வேறு ரேடார்கள் வைத்திருப்பதற்கு இதுவும் காரணம்.

புயல் நாட்களில் தூலேயின் நிலவுச் சிக்கல் வேறு வடிவில் வந்து நிற்கும். நொடிக்கு 1,000 துடிப்பு அனுப்பினால், 150 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து வரும் பதில் அடுத்த துடிப்பின் பதில்போலத் தெரியும். தூரம் கூட வேண்டுமா, துடிப்பைக் குறை. ஆனால் துடிப்பைக் குறைத்தால் அளக்கக்கூடிய வேகம் குறையும். 10 செ.மீ. அலையில் நொடிக்கு 1,000 துடிப்பு என்றால் 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் வரைதான் குழப்பமில்லாமல் அளக்கலாம். அதற்கு மேல் போனால் காற்று எதிர்த்திசையில் வீசுவதாகக் காட்டும். புயலோ 120, 130 என்று வரும். துடிப்பின் இடைவெளியை மாற்றி மாற்றி அனுப்பி, இரண்டு விடைகளையும் ஒப்பிட்டு உண்மையைக் கறந்தெடுக்கிறார்கள். தூரமும் வேகமும் ஒரே மூச்சில் வசதியாகக் கிடைக்க இயற்கை வழிவிடவில்லை.

மழைக்கு நேர்ந்த மரியாதை பறவைகளுக்கும் நேர்ந்தது. போர்க்காலத்தில் வெட்டவெளி வானத்திலிருந்து வந்த விளங்காத எதிரொலிகளுக்கு ரேடார்க்காரர்கள் தேவதைகள் என்று பெயர் வைத்தார்கள். அவற்றில் பல பறவைகள்தான் என்று உயிரியலாளர்கள் டேவிட் லாக்கும் வார்லியும் 1945-இலேயே எழுதினார்கள். நம்பாதவர்கள் நிறையப் பேர். விடியற்காலையில் ஒரு புள்ளியில் தொடங்கி வட்டம் வட்டமாக விரியும் எதிரொலிகள், இரவு தங்கிய மரக்கூட்டத்தை விட்டு அலையலையாகக் கிளம்பும் ஸ்டார்லிங் கூட்டம் என்பது பிறகு உறுதியானது. இன்று அமெரிக்காவின் வானிலை ரேடார்ப் பதிவுகளை வைத்து ஒவ்வோர் இரவும் எத்தனை கோடிப் பறவைகள் வலசை போகின்றன என்று கணக்கெடுக்கிறார்கள்.

கடலுக்குள் நடந்தது இதைவிடச் சுவையானது. முதலில் ஒரு சின்னக் கதை. 1930-களில் அமெரிக்கக் கடற்படையின் சோனார் காலையில் நன்றாக வேலை செய்யும், மத்தியானமானால் மந்தமாகிவிடும். சாப்பாட்டு மயக்கத்தில் சிப்பாய்கள் அசட்டையாக இருக்கிறார்கள் என்று அவர்கள் மேல் பழி போனது. உண்மையில் வெயில் ஏற ஏறக் கடலின் மேல்நீர் சூடாகிறது. ஒலி சூடான நீரில் வேகமாகவும் குளிர்ந்த நீரில் மெதுவாகவும் போவதால், கற்றை குளிர்ந்த பக்கம், அதாவது கீழ்நோக்கி வளைந்துவிடுகிறது. மேலே நேர் எதிரில் இருக்கும் நீர்மூழ்கிக்கு அலையே போய்ச் சேர்வதில்லை. ஆழத்துக்கு ஆழம் வெப்பத்தைப் பதியும் கருவியை ஸ்பில்ஹாஸ் உருவாக்கியபின்தான் சிப்பாய்களின் மானம் மீண்டது. நீர்மூழ்கிகளும் இந்த நிழலில் ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொண்டன.

1942-இல் சான் டியேகோவுக்கு அப்பால் ஒலிச் சோதனை செய்தவர்களுக்கு, ஆழக் கடலில் 300 முதல் 500 மீட்டர் வரையிலான ஆழத்தில் தரைபோல ஒன்று தெரிந்தது. உண்மையான தரை அதற்கும் வெகு கீழே. இந்தப் பொய்த்தரை அந்தி சாய்ந்தால் மேலே ஏறியது, விடிந்தால் இறங்கியது. தரை எங்காவது ஏறி இறங்குமா? 1945-இல் மார்ட்டின் ஜான்சன் என்ற உயிரியலாளர் இது உயிருள்ள அடுக்கு என்று காட்டினார். பகலில் இருட்டான ஆழத்தில் பதுங்கி, இரவில் மேலே வந்து மேயும் சிறு மீன்கள், இறால் வகை உயிர்கள், சொறிமீன் இனங்கள். நீர்மூழ்கியைத் தேடியவர்களுக்குக் குறுக்கே வந்த திரைதான், உலகின் மிகப் பெரிய அன்றாட உயிரின இடப்பெயர்வை மனிதனுக்குக் காட்டிக்கொடுத்தது.

அந்த அடுக்கு இவ்வளவு பலமாக எதிரொலிக்கக் காரணம் மீனின் சதை இல்லை. சதை தண்ணீரைப் போலத்தான் ஒலிக்கு வழிவிடும். மிதப்பதற்காக மீன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் காற்றுப்பைதான் ஒலியைத் திருப்பி அடிக்கிறது. இன்று விசைப்படகுகளில் இருக்கும் எக்கோ சவுண்டர் மீன்கூட்டத்தைக் காட்டுவதும் இதனால்தான். சுறாவுக்கும் திருக்கைக்கும் காற்றுப்பை கிடையாது. அவை திரையில் மங்கலாகத்தான் விழும்.

கடலின் அலைகளே ரேடாருக்குப் பெரும் இரைச்சல். 1955-இல் நியூசிலாந்தின் குரோம்பி, 13.5 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையைக் கடல் மேல் அனுப்பியபோது அந்த இரைச்சலில் ஓர் ஒழுங்கைக் கண்டார். ரேடியோ அலைநீளம் 22 மீட்டர் என்றால், சரியாக அதில் பாதி, 11 மீட்டர் நீளமுள்ள கடல் அலைகள் மட்டும் ஒன்றுகூடிப் பதில் தருகின்றன. ஆழ்கடலில் 11 மீட்டர் அலை என்ன வேகத்தில் போகும் என்பது ஏற்கெனவே தெரிந்த இயற்பியல்: நொடிக்கு நாலு மீட்டருக்குச் சற்று மேல். டாப்ளர் அதைவிடக் கூடவோ குறையவோ காட்டினால், அந்த மிச்சம் அலையைச் சுமந்துபோகும் நீரோட்டத்தின் வேகம். இதே முறையில்தான் கல்பாக்கத்திலும் கடலூரிலும் வைத்திருக்கும் கரையோர ரேடார்கள் வங்கக் கடலின் மேல்நீரோட்டத்தை அளக்கின்றன. ஒரு நிலையம் தன்னை நோக்கி வரும் அல்லது விலகும் வேகத்தை மட்டுமே காணும் என்பதால்தான் இரண்டு ஊர்கள். திருப்பதி அருகே காதங்கியில் 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ரேடாரோ மேகமே இல்லாத வெறும் காற்றின் சுழிப்புகளிலிருந்து எதிரொலி வாங்கி, பல கிலோமீட்டர் உயரத்துக் காற்றோட்டத்தை அளக்கிறது.

மருத்துவ ஸ்கேனைப் பற்றி நீட்டாமல் ஒன்று சொல்லலாம். 1950-களில் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு என்ற மருத்துவர் கர்ப்பப்பையை மீயொலியால் பார்க்கத் தொடங்கியபோது அவர் கையில் இருந்தது உலோகத்தில் விரிசல் தேடும் கருவியிலிருந்து வந்த நுட்பம். உடம்பில் ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் போகிறது என்று இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. வயிற்றில் ஜெல் தடவுவது நடுவில் காற்று நுழையாமல் இருக்க. காற்று இருந்தால் ஒலி முழுவதும் அங்கேயே திரும்பிவிடும். பித்தப்பைக் கல்லைக் கண்டுபிடிப்பதில் மருத்துவர் எதிரொலியை மட்டும் பார்ப்பதில்லை. கல்லுக்குப் பின்னால் ஒலி போகாமல் விழும் கறுப்பு நிழலையும் பார்க்கிறார். அங்கே எதிரொலி வராததே செய்தி.

விமானப் போக்குவரத்து இந்த எல்லாக் குழப்பத்தையும் தாண்டக் குறுக்குவழி ஒன்றைக் கண்டுகொண்டது. ரேடார் கேட்க, விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் தன் அடையாள எண்ணையும் உயரத்தையும் தானே பதிலாக அனுப்பும். எதிரொலியே வேண்டாம். பதினாறில் ஒரு பங்கு என்ற தேய்மானமும் இல்லை. பதில் நின்றுவிட்டால்தான் வினை. 2014 மார்ச் 8 அதிகாலை மலேசிய விமானம் எம்.எச். 370-இன் டிரான்ஸ்பாண்டர் நின்றது, சிவில் கட்டுப்பாட்டு அறையின் திரையிலிருந்து விமானம் மறைந்தது. மலேசிய இராணுவ ரேடாரில் அது மேற்கே திரும்பி, தீபகற்பத்தைக் கடந்து, மலாக்கா நீரிணை வழியே 2.22 வரை போனது பதிவானது. எதிரி இல்லை என்று கணித்ததால் யாரும் துரத்திப் போகவில்லை. முதல் நாட்களில் தேடல் தென் சீனக் கடலில் மும்முரமாக நடந்தது.

இப்போதைய தலைவலி டிரோன். பறவை அளவு, பறவை வேகம், பறவை பறக்கும் உயரம். பல பத்தாண்டுகளாகப் பறவையை வடிகட்டக் கற்றுக்கொடுத்த ரேடார்களிடம் இனி அந்த வடிகட்டியைத் தளர்த்து என்று சொல்ல வேண்டியிருக்கிறது. விசிறி சுழல்வதால் டிரோனின் எதிரொலியில் விழும் நுண்ணிய டாப்ளர் நடுக்கமும், சிறகடிப்பதால் பறவையின் எதிரொலியில் விழும் நடுக்கமும் வேறு வேறு தாளம் என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள். பாசாங்கில்லாமல் சொன்னால், வடிகட்டியைத் தளர்த்தியதும் என்னவெல்லாம் வந்து விழும் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை. 2023 பிப்ரவரி 4-இல் சீன பலூன் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியபின், வட அமெரிக்க வான் பாதுகாப்பு அமைப்பு தன் ரேடார்களின் வேக வரம்பைத் தாழ்த்தி, மெதுவாக மிதப்பவற்றையும் காட்டச் சொன்னது. அடுத்த வாரத்திலேயே 10, 11, 12 தேதிகளில் அலாஸ்கா, யூகோன், ஹுரான் ஏரி என மூன்று இடங்களில் மூன்று பொருள்களைச் சுட்டு வீழ்த்தினார்கள். அவை தனியார் நிறுவனங்களோ ஆராய்ச்சி நிலையங்களோ பொழுதுபோக்குக்காரர்களோ விட்ட பலூன்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஜோ பைடன் 16-ஆம் தேதி அறிவித்தார். ஹுரான் ஏரிக்கு மேல் மிதந்ததை வீழ்த்த இரண்டு ஏவுகணைகள் வேண்டியிருந்தது. முதலாவது குறி தவறி ஏரியில் விழுந்தது.